ஆறு முக்காலிகள்: ஜங்ஷன் ஜவுளிக்கடை ஒன்றில் தலைமை மாறிய கதை

2019 ஆடித் தள்ளுபடி முடிந்த இரண்டாவது வாரம், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவிலிருந்து ஆறு முக்காலிகள் மொட்டை மாடிக்குப் போயின. வேப்பம்பலகையில் அடித்தவை. முழங்கால் உயரம்கூட வராது. கவுண்டருக்கு அடியில் கிடக்கும். துணி எடுக்க வருகிறவர்கள் கண்ணில் படாது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் வடிந்ததும் பெண்கள் மாறி மாறி அதில் பத்து நிமிஷம் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான் அதன் உபயோகம். அவற்றை மாடிக்கு ஏற்றச் சொன்னவர் புதிதாக வந்த ஜெனரல் மேனேஜர், அதாவது ஜி.எம். அவர் வந்து அன்றைக்கு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

நான் அந்தக் கடையின் ஊழியன் இல்லை. கடைக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவன். மாதத்தில் மூன்று நான்கு நாள் இரண்டாம் மாடி ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருப்பேன். பதினெட்டு வருஷமாகச் சம்பளப் பட்டியலும் வருகைப் பதிவேடும் என் கை வழியாகப் போவதால், யார் நிலைத்து நிற்கப் போகிறார்கள், யார் கணக்கு முடித்துக் கிளம்பப் போகிறார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். கடையின் பெயர் வேண்டாம். ஆட்களை அடையாளம் கண்டுவிடக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். யாரையும் வில்லனாக்கும் உத்தேசம் இல்லை. அப்படி ஆக்குவதென்றால் என் பெயரையும் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கான காரணம் பின்னால் வரும்.

அண்ணாச்சி காலம்

கடையைத் தொடங்கியவர் பெரிய முதலாளி. நடத்தியவர் மேனேஜர் அண்ணாச்சி. பதினாறு வயதில் சரக்கு மூட்டை பிரிக்க வந்து, சேல்ஸ்மேனாகி, எண்பதுகளின் நடுவில் மேனேஜர் நாற்காலிக்கு வந்தவர். வந்த பிறகும் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. காலையில் கடை திறந்ததும் படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொள்வார். வருகிற ஒவ்வொருவரையும் ஒரு வார்த்தை கேட்பார். "ஏல, அம்மைக்குக் காய்ச்சல் விட்டுட்டா?" "என்னம்மா, பஸ்ஸு இன்னைக்கும் கழுத்தறுத்துட்டானா?" சுத்தமல்லியிலிருந்தும் முக்கூடலிலிருந்தும் பஸ்ஸில் வருகிற பெண்களுக்கு அந்தக் கேள்விதான் வருகைப் பதிவு.

அவர் மேஜையில் இரண்டு பொருள்கள் எப்போதும் இருக்கும். ஒன்று, ஏதோ மில் ஏஜெண்ட் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி. இன்னொன்று, நீள நோட்டு.

டைரியில் ஊர்க் கொடைகள், அதாவது கிராமக் கோயில் திருவிழாக்கள், குறித்திருக்கும். திருநெல்வேலிச் சீமையில் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிற யாருக்கும் இது தெரியும்: சம்பளம் நாலு நாள் தள்ளிப்போனாலும் பேசிச் சமாளித்துவிடலாம், கோயில் கொடைக்கு லீவு இல்லை என்று சொன்னால் ஆள் திரும்பி வராது. சிக்கல் என்னவென்றால் கொடையில் பாதி ஆடியிலும் ஆவணியிலும் வரும். ஜவுளிக்கடையில் ஆளே போதாத மாதம் ஆடி. தேதியும் முன்கூட்டித் தெரியாது. ஊர்க்கூட்டம் போட்டு, வரி பிரித்து, பந்தலுக்குக் கால்நாட்டிய பிறகுதான் உறுதியாகும். அண்ணாச்சி இதை ஒரு கைமாற்று முறையில் சமாளித்தார். சுடலை கொடைக்குப் போகிறவர்களின் இடத்தை மேலப்பாளையத்துப் பையன்களும் பாளையங்கோட்டையிலிருந்து வரும் கிறிஸ்தவப் பெண்களும் தாங்குவார்கள். பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் கணக்கு திரும்பும். பங்குனி உத்திரத்தன்று பாதிக் கடை சாஸ்தா கோயில்களில் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதி கடையை நடத்தும். யாரும் யாருக்கும் எழுதிக் கொடுத்தது கிடையாது.

நீள நோட்டு அட்வான்ஸ் நோட்டு. நான் அதைப் பலமுறை புரட்டியிருக்கிறேன். "பேத்தி காதுகுத்து 3,000." "கொடை வரி 1,000." "மாமியார் ஆஸ்பத்திரி 6,000." பேர் இருக்கும், காரணம் இருக்கும், தொகை இருக்கும், தேதி மட்டும் சில இடங்களில் இருக்காது. மாதம் 300, 500 என்று சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்துவிடுவார். பெரிய முதலாளி அதைப் பற்றிக் கேட்டதே இல்லை.

இனி சேலை மடிப்பு. ஜவுளிக்கடைக்குள் நின்று பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். ஒரு கல்யாண பார்ட்டி வந்து உட்கார்ந்தால் நாற்பது, ஐம்பது சேலையை விரித்துப் போட வேண்டும். எடுப்பது ஏழோ எட்டோ. மிச்சத்தை மறுபடி பழைய மடிப்பில் மடித்து, அட்டை வைத்து, அடுக்கில் ஏற்ற வேண்டும். காட்டுகிறவர் காட்டிக்கொண்டே இருக்க, பக்கத்து கவுண்டர்க்காரர் தன்பாட்டுக்கு வந்து மடிக்க ஆரம்பிப்பார். பட்டுச் சேலைக்கு இரண்டு பேர் இரு முனையையும் பிடித்தால்தான் மடிப்பு ஒழுங்காக வரும். பேசிக்கொண்டே மடிப்பார்கள். வீட்டுக் கதை, சீரியல் கதை எல்லாம் அந்த மடிப்புக்குள் போகும். தீபாவளிக்கு முந்தி இன்சென்டிவ் வரும்போது பிரிவுக்கு மொத்தமாக ஒரு தொகை. அண்ணாச்சி எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பார்.

சரி, இதெல்லாம் பொற்காலமா? இல்லை. என் பதிவேடு வேறு கதையும் சொல்லும். அறுபது பேர் வேலை பார்த்த கடையில் பி.எஃப். பட்டியலில் இருந்தவர்கள் பாதிப் பேர்தான். இருபது பேர் இருந்தாலே எல்லாரையும் சேர்த்தாக வேண்டும் என்பது எனக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும். "பிடிச்சா கையில கொறையும்னு அவங்களே வேண்டாங்காங்க சார்" என்பார். நானும் இரண்டு தடவை சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் அவர் ஊரைச் சுற்றிய நாலைந்து ஊர் ஆட்களை. முப்பது வருஷத்தில் ஒரு பெண்கூடப் பிரிவுப் பொறுப்புக்கு வரவில்லை. மூன்று மாடிக்கும் சேர்த்துப் பெண்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை. அந்த நீள நோட்டுக்கும் இன்னொரு முகம் உண்டு: நோட்டில் பேர் இருக்கிறவர் வேறு கடைக்குப் போக முடியாது. கடனை அடைக்காமல் போனால் ஊரில் பேச்சாகும். ஆள் நிலைத்து நின்றதற்கு அன்பு மட்டுமே காரணம் என்று நான் எழுதினால் அது பொய்.

தலைமை மாறியது

பெரிய முதலாளி காலமான பிறகு கடை மகன் கைக்கு வந்தது. நேரமும் சரியில்லை. 2016 நவம்பரில் பழைய நோட்டு செல்லாமல் போனது, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, இரண்டும் ரொக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜவுளி வியாபாரத்தை உலுக்கின. 2018-ல் ஜங்ஷன் பேருந்து நிலையத்தைப் புதிதாகக் கட்டுவதற்காக இடித்தார்கள். அந்த வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. பஸ் நிற்காத ஜங்ஷனில் யார் இறங்கி ஜவுளி எடுப்பார்கள்? விற்பனை விழுந்தது. அண்ணாச்சிக்கு அறுபத்து மூன்று வயதாகியிருந்தது. 2019 ஆடி வியாபாரம் முடிந்ததும் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். பெரிய நகரம் ஒன்றில் சங்கிலிக் கடையில் வேலை பார்த்த ஒருவரை ஜி.எம். ஆக்கினார் சின்ன முதலாளி.

ஜி.எம்.முக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். உழைப்பாளி. குரல் உயர்த்திப் பேசமாட்டார். வந்த முதல் மாதமே என்னைக் கூப்பிட்டு, "இதுல ஏன் சார் முப்பது பேர் இல்ல?" என்று பி.எஃப். பட்டியலைக் காட்டிக் கேட்டார். மூன்று மாதத்தில் எல்லாரையும் சேர்த்துவிட்டார். சம்பளம் வங்கிக் கணக்கில் போனது. ஒவ்வொரு மாடியிலும் பெண்களுக்குக் கழிப்பறை கட்டினார். சேலைப் பிரிவுக்கு முதல் தடவையாக ஒரு பெண் சூப்பர்வைசரானார். 2020 ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது பாதிச் சம்பளமாவது போட வேண்டும் என்று சின்ன முதலாளியிடம் வாதாடி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். காகிதத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணாச்சி காலத்தைவிட ஒவ்வொரு வரியும் மேல்.

ஆனாலும் 2021 முடிவதற்குள் கடைக்குள் காற்று மாறிவிட்டது. படியேறும்போதே தெரியும். முன்னெல்லாம் என்னைப் பார்த்ததும், "கணக்கு சார் வந்துட்டாவ, டீ சொல்லுங்கடே" என்று ஒரு குரல் வரும். இப்போது தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். என்மேல் கோபம் இல்லை. மேலே கேமரா இருந்தது.

அவர் மாற்றியதில் எதை எடுத்தாலும் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்சென்டிவைத் தனி ஆளுக்கு மாற்றினார்: விற்கிறவனுக்குத்தானே கொடுக்க வேண்டும், சும்மா நிற்கிறவனுக்கு எதற்கு? கேட்டால் சரியாகத்தான் படும். ஆனால் மறுமாதமே மடிப்பு நின்றுபோனது. அடுத்தவர் பார்ட்டிக்கு விரித்த சேலையை மடித்தால் தன் கவுண்டருக்கு வருகிற பார்ட்டி கைவிட்டுப் போகும். ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தால் பட்டுப் பிரிவு மெத்தையின் மேல் சேலைகள் குவிந்து கிடக்கும். இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டியதை ஒருத்தி தாடையில் ஒரு முனையை இடுக்கிக்கொண்டு மடித்துக்கொண்டிருப்பாள். மடிப்புக் கோணினால் ஜரிகை முறியும். முறிந்தால் டேமேஜ் கணக்கு. டேமேஜ் யார் பேரில் என்று ஒரு சண்டை. பிறகு அந்தச் சண்டையைத் தீர்க்க ஒரு ரிஜிஸ்டர் வந்தது.

கொடை லீவும் இப்படித்தான். பதினைந்து நாள் முன்னால் மொபைல் ஆப்பில் போட வேண்டும், ஒரு பிரிவில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்றார். கால்நாட்டே எட்டு நாள் முந்தித்தான். எல்லாரும் என்ன செய்தார்கள்? பாட்டி செத்தாள், மாமன் செத்தான் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். 2022 ஆடியில் மட்டும் சேலைப் பிரிவில் நாலு பாட்டிகள் காலமானதாக என் பதிவேடு சொல்கிறது. ஜி.எம். ஏமாளி இல்லை, இறப்புச் சான்றிதழ் கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாரும் வாயால் எதையும் சொல்வதில்லை.

கூப்பிடுகிற முறையும் மாறியது. எல்லாருக்கும் சட்டையில் பெயர் அட்டை குத்தினார்கள். ஐம்பத்தைந்து வயது அக்கா ஒருத்தியை இருபத்து நாலு வயது சூப்பர்வைசர் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். அவன் மரியாதை தெரியாதவன் அல்ல, அவனுக்கு அப்படித்தான் பயிற்சி கொடுத்தார்கள். நம் பக்கத்தில் அண்ணாச்சி, அக்கா, மதினி என்பதெல்லாம் வெறும் விளி அல்ல. யார் யாரிடம் எதைக் கேட்கலாம், எதைச் சொல்லித் திட்டலாம் என்பதெல்லாம் அதில் அடங்கும். அக்கா என்று கூப்பிட்டவனிடம் அவள், "ஏல, அந்த அடுக்கைச் சரிச்சு வச்சிருக்க பாரு" என்று உரிமையோடு சொல்லியிருப்பாள். பெயர் சொன்னவனிடம் சொல்லவில்லை. அடுக்கு சரிந்துதான் கிடந்தது.

நீள நோட்டுக்கு வருகிறேன். அதை நிறுத்தச் சொன்னவர்களில் நானும் ஒருவன். கையில் கொடுத்த பணத்துக்குத் தேதி இல்லை, கையெழுத்து இல்லை, கணக்கில் ஒழுங்காக ஏறவில்லை. இப்படி வைத்திருக்கக் கூடாது என்று ஜி.எம். கேட்டபோது சொன்னேன். சொன்னது சரி. அதற்குப் பதிலாக என்ன வைப்பது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அட்வான்ஸே கிடையாது என்று சுற்றறிக்கை வந்தது. அதை டைப் அடித்துக் கொடுத்ததும் என் ஆபீஸ்தான்.

எட்டு நாற்பது

2022 ஆவணியில் ஒரு சாயங்காலம். போனஸ் கணக்குக்காக இருந்தேன். போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம் கொடுக்க வேண்டும், ஜி.எம். அதைச் சரியாக 8.33-லேயே நிறுத்தச் சொன்னார். அண்ணாச்சி காலத்தில் பத்து. (விற்பனை விழுந்த வருஷம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.)

ராத்திரி எட்டு நாற்பதுக்கு நாங்குநேரிப் பக்கமிருந்து ஒரு வேன் நிறையக் கல்யாண பார்ட்டி வந்து இறங்கியது. பெண்ணின் ஆச்சி முதல் கைக்குழந்தை வரை பதினாலு பேர். முகூர்த்தப் பட்டு, மறுவீட்டுச் சேலை, சம்பந்தி வீட்டுக்கு எல்லாம் எடுக்க வேண்டும். நல்ல வியாபாரம். அண்ணாச்சி காலமாக இருந்தால் முன் ஷட்டரை இறக்கிவிட்டு, பதினொரு மணி வரை காட்டுவார்கள். புரோட்டா வாங்கிக் கொடுத்து, கடைசிப் பஸ் போனவர்களை ஆட்டோ பிடித்து அனுப்புவார்.

ஒன்பது அடித்தது. பெண்கள் ஒவ்வொருவராகப் போய் வருகைப் பதிவு மெஷினில் விரலை வைத்துவிட்டு இறங்கினார்கள். யாரும் முறைக்கவில்லை, முணுமுணுக்கவில்லை. அந்த ஐம்பத்தைந்து வயது அக்கா கையிலிருந்த மாம்பழக் கலர்ப் பட்டை அப்படியே ஆச்சியின் மடியில் வைத்துவிட்டு, "பாத்துக்கிட்டு இருங்கம்மா, வேற ஆள் வருவாவ" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேற ஆள் இல்லை. ஜி.எம். தன் டையைக் கழற்றி வைத்துவிட்டு மெத்தையில் ஏறி உட்கார்ந்து சேலை விரித்தார். அவருக்குக் கை வரவில்லை. ஒரு சேலையை உதறி விரிக்கிற வீச்சு ஒரே நாளில் வராது. அரை மணி நேரத்தில் பார்ட்டி எழுந்துவிட்டது. ஆச்சி போகிற போக்கில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "இங்க அந்த முக்கூடல்காரி இருப்பாளே, அவ இல்லையா?"

முக்கூடல்காரி இரண்டு மாதம் முன்பே கணக்கு முடித்துப் போயிருந்தாள்.

காலையில் ஐந்து நிமிஷம் தாமதமானால் அரை நாள் சம்பளம் வெட்டு என்று விதி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பஸ் தாமதமாக வந்தாலும் வெட்டுதான். காலை ஐந்து நிமிஷத்தைக் கடை எண்ண ஆரம்பித்ததும், ராத்திரி ஐந்து நிமிஷத்தை அவர்களும் எண்ண ஆரம்பித்தார்கள். இந்தக் கதையில் நான் பெரிதாகச் சொல்ல வருவது இது ஒன்றுதான். கணக்கு ஒரு பக்கமாக மட்டும் எழுதப்படுவதில்லை.

நாற்காலிகள்

இடையில் சட்டம் வந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது: வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்காதபடி ஊழியர்களுக்கு இருக்கை இருக்க வேண்டும். கேரளம் இதை 2018-லேயே செய்துவிட்டது.

ஜி.எம். சட்டத்தை மதிக்கிறவர். பத்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. படிக்கட்டுப் பக்கம் சுவரோரம் வரிசையாகப் போட்டு, மேலே சட்டப் பிரிவு எண்ணோடு அறிவிப்பும் ஒட்டினார்கள். எதிரே கேமரா. நான் அங்கே போன ஒரு நாளிலும் அதில் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. அந்த ஆறு முக்காலியும் மொட்டை மாடியில் மழையில் நனைந்து பிளந்துகொண்டிருந்தன. அவற்றைக் கீழே இறக்கினால் போதாதா என்று நான் ஒரு தடவை கேட்டேன். "அது பார்க்க நல்லா இருக்காது சார்" என்றார்.

வெள்ளம்

கடைக்குக் கீழே நிலவறைக் குடோன் இருக்கிறது. 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தைப் பற்றித் திருநெல்வேலிக்காரர்கள் இன்றும் பேசுவார்கள். அப்போது நான் இந்தக் கடைக்கு வரவில்லை. கேள்விப்பட்டதுதான்: தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாகப் பதினேழு பேர் வந்து, படிக்கட்டில் வரிசையாக நின்று, குடோன் சரக்கு முழுவதையும் கைமாற்றிக் கைமாற்றி முதல் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை என்று கதையில் சொல்வார்கள். அது கதையில் ஏறிய நகாசாக இருக்கலாம். ஆள் வந்ததும் சரக்கு தப்பியதும் நிஜம். அந்த வருஷத்துச் சரக்குக் கணக்கைப் பார்த்திருக்கிறேன்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவான மழை அது. தென்காசி, தூத்துக்குடி, நெல்லை எல்லாம் சேர்ந்து நனைந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் நிறைய ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். கடையை மத்தியானமே அடைத்துவிட்டார்கள். பொங்கல் சரக்கு அப்போதுதான் குடோனில் இறங்கியிருந்தது.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஜி.எம். வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: "குடோனில் தண்ணீர் வர வாய்ப்பு. அருகில் இருப்பவர்கள் உடனே வரவும்." ஐம்பத்து மூன்று பேர் பார்த்ததாக அந்தச் செய்தி காட்டியது. பதில் ஒன்றும் இல்லை. வந்தது குடோன் லோடுமேன் ஒருவர். அவரும் வாட்ச்மேனும் ஜி.எம்.மும் சின்ன முதலாளியும் நாலு பேராக முடிந்தவரை ஏற்றினார்கள். திங்கட்கிழமை விடியும்போது ஜங்ஷன் பகுதி தண்ணீருக்குள் இருந்தது. குடோனில் முக்கால்வாசிச் சரக்கும்.

இதில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அன்று பஸ் இல்லை, ஊர்களுக்கு நடுவே ரோடே இல்லை. சுத்தமல்லியிலிருந்து யாரும் வந்திருக்க முடியாது. ஆற்றங்கரையை ஒட்டிய மீனாட்சிபுரம், சிந்துபூந்துறைப் பக்கத்து ஆட்களுக்குத் தங்கள் வீடே பிரச்சினை. நான் ஒரு தாளில் பேர் எழுதிப் பார்த்தேன். நடந்து வரக்கூடிய தூரத்தில், வீட்டுக்குள் தண்ணீர் வராமல், வரக்கூடிய வயதில் இருந்தவர்கள் ஒன்பது பேர். பதினேழு அல்ல, ஒன்பது. ஆனால் அந்த ஒன்பது பேரும் வரவில்லை.

அவர்களில் ஒருவனை ஒரு மாதம் கழித்து டீக்கடையில் பார்த்தேன். சட்டைத் துணிப் பிரிவில் வேலை பார்ப்பவன். மறைக்காமல் சொன்னான்: "மெசேஜைப் பாத்தேன் சார். ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்தா ஓ.டி. உண்டுமான்னு கேக்கலாம்னு நெனச்சேன். கேட்டா, வெள்ளத்துலகூட காசு கேக்கான்னு சொல்லுவாவ. கேக்காமப் போனா நாந்தான் கோட்டி. ரெண்டுமில்லாம போனை ஓரமா வச்சிட்டேன்."

கொஞ்ச நேரம் டீயை ஆற்றிவிட்டு அவனே கேட்டான்: "அண்ணாச்சி கூப்பிட்டிருந்தா போயிருப்பேனோ என்னவோ. அவரு போன் பண்ணியிருப்பாருல்லா?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போன் பண்ணியிருப்பார். அது நிச்சயம்.

பழி யாருக்கு?

சின்ன முதலாளி தரப்பில் சொல்வது: வியாபாரமே படுத்துவிட்டது, ஆன்லைனில் துணி வாங்கும் காலம், பேருந்து நிலையம் இல்லாமல் போனது, கொரோனா வேறு; யார் மேனேஜராக இருந்தாலும் ஆள் போயிருப்பார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் அதே தெருவில் இன்னும் இரண்டு ஜவுளிக்கடைகள் அதே இடிபாட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. ஒன்றில் 2019-ல் இருந்த முகங்கள் பெரும்பாலும் இன்றும் இருக்கின்றன. நம் கடையிலிருந்து போன பெண்களில் ஐந்து பேர் அங்கேதான் நிற்கிறார்கள், சம்பளம் 500 ரூபாய் குறைவாக இருந்தும்.

ஊழியர்கள் தரப்பில் சொல்வது: அண்ணாச்சி தெய்வம், ஜி.எம். ராட்சசன். இதையும் நான் ஒப்பவில்லை. பி.எஃப். இல்லாமல் இருபது வருஷம் வேலை பார்த்து வெறுங்கையோடு நின்ற ஒரு தையல்காரரை எனக்குத் தெரியும். தெய்வத்தின் காலத்தில் நடந்தது அது. அமெரிக்காவில் ஒரு ஜிப்சம் ஆலையில் ஆல்வின் கூல்ட்னர் என்ற சமூகவியலாளர் செய்து 1954-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. அங்கேயும் இதேதான். பழைய மேலாளர் காலத்தில் தொழிலாளிகள் வீட்டு வேலைக்கு ஆலைக் கருவியை எடுத்துப்போகலாம், பலகை கொண்டுபோகலாம், கொஞ்சம் தாமதமாக வரலாம். புதியவர் வந்து உற்பத்தியைக் கூட்டச் சொல்லி மேலிடம் நெருக்க, அந்தச் சலுகைகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஆலைக்குள் யாரையும் அறியாததால் விதிகளை நம்பினார், தனக்கு வேண்டியவர்களை மேலே கொண்டுவந்தார். கடைசியில் வேலைநிறுத்தம் வெடித்தது. பழையவர் போன பிறகு தொழிலாளிகள் அவரை ஏற்றிப் புகழ்ந்ததையும் கூல்ட்னர் எழுதுகிறார். நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. ஒன்பது மணிக்கு விரல் வைத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

என் கணிப்பு இது. ஜி.எம். செய்த பிழை விதி கொண்டுவந்தது அல்ல. எந்த ஏற்பாடு எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்க்காமல் கை வைத்தார். முக்காலி மத்தியானக் கால் வலியை மட்டும் தாங்கவில்லை. "நீ களைத்திருப்பது எனக்குத் தெரியும்" என்று கடை அவர்களிடம் சொல்கிற இடமாகவும் அது இருந்தது. கொடை டைரி மூன்று மதத்து ஆட்களை ஒருவருக்கொருவர் கடன்பட வைத்தது. நோட்டில் கொடுமையும் இருந்தது, கருணையும் இருந்தது. கொடுமையை மட்டும் வெட்டி எடுத்திருக்கலாம். மூன்று மாதம் படிக்கட்டுக்குக் கீழே நின்று வேடிக்கை பார்த்திருந்தால் அவருக்கே புரிந்திருக்கும், புத்திசாலி. ஆனால் மூன்று மாதத்தில் விற்பனையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று அவருக்கும் மேலே ஒரு டார்கெட் இருந்தது. சின்ன முதலாளிக்கு மேலே வங்கிக் கடன் இருந்தது.

அண்ணாச்சியும் ஒரு தவறு செய்தார். முப்பது வருஷம் தலைக்குள்ளேயே கடையை வைத்திருந்தார், யாரிடமும் இறக்கி வைக்கவில்லை. போகும்போது டைரியையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கேட்டபோது, "அதுல என்ன சார் இருக்கு, ஊர்க் கொடைத் தேதிதான" என்றார்.

அப்புறம்

ஜி.எம். 2024 மார்ச்சில் வேறு வேலைக்குப் போனார். போகிற அன்று என் ஆபீஸுக்கு வந்து, பி.எஃப். பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு போனார். சின்ன முதலாளி அண்ணாச்சியைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். முட்டுவலி என்று அண்ணாச்சி மறுத்துவிட்டார். இப்போது அந்த சேலைப் பிரிவுப் பெண் சூப்பர்வைசர்தான் மேனேஜர். இன்சென்டிவை மறுபடி பிரிவுக்கு மொத்தமாக மாற்றியிருக்கிறாள். மடிப்பு பாதிதான் திரும்பியிருக்கிறது. பழைய ஆட்கள் தங்கள் சேலையைத் தாங்களே மடித்துக்கொள்கிறார்கள். புதிதாக வந்த பெண்கள் சேர்ந்து மடிக்கிறார்கள்.

அட்வான்ஸும் திரும்ப வந்தது. இந்த முறை தேதி, கையெழுத்து, மாதத் தவணை எல்லாம் போட்டு நானே படிவம் தயார் செய்தேன், வட்டி கிடையாது. 2024 ஆடி முதல் தேதியிலிருந்து கேட்கலாம் என்று அறிவித்தார்கள். முதல் வாரம் யாரும் கேட்கவில்லை. இரண்டாவது வாரமும் இல்லை. எல்லா ஊரிலும் கொடை நடந்துகொண்டிருந்த மாதம் அது, வரி கட்டாமல் யார் இருந்திருப்பார்கள்? மூன்றாவது வாரம் ஒருவர் வந்து படிவம் கேட்டார். கடையில் சேர்ந்து இரண்டு மாதமே ஆன புது வாட்ச்மேன். மகளுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய்.